சித்திரை வெயிலும் மிச்சமிருந்த மூன்று தாள்களும்

போன மாதம் நான் ஓய்வு பெற்ற அன்று, அலுவலகத்தில் கேசரியும் மிக்சரும் கொடுத்து முடித்தபின், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இப்போது அவரைப் போன்ற இளையவர்கள் கல்வெட்டுப் பாறையின்மேல் விளக்கை ஒவ்வொரு கோணத்தில் பிடித்து நாற்பது படம் எடுக்கிறார்கள். கணினி அவற்றைச் சேர்த்து, வெளிச்சத்தை நம் இஷ்டத்துக்குத் திருப்பிக் காட்டுகிறது. எனக்கு அந்தக் கருவியை மிகவும் பிடிக்கும்.

"சார், ஸ்க்ரீனே இல்லாத காலத்துல, எடுத்த படம் சரியா வந்திருக்கான்னு மலையை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள தெரிஞ்சிரும்மா" என்றேன். அதற்குள் மாலை போட ஆள் வந்துவிட்டார். பதில் பாதியில் நின்றுபோனது. வில்லாபுரத்தில் என் வீட்டு அலமாரியில் முப்பத்து நான்கு டைரிகள் வருஷ வரிசையில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்து மீதிப் பதிலை எழுதுகிறேன்.

என் வேலை கல்வெட்டுகளைப் படமெடுப்பது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில், குகை வாயிலுக்கு மேலே நீட்டியிருக்கும் நெற்றிப் பாறையில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பல இடங்களில் வெட்டின் ஆழம் ஒரு நெல்மணியின் தடிமன்தான். உச்சி வெயிலில் எதிரே நின்று பார்த்தால் வெறும் பாறை. வெயில் பக்கவாட்டில் பாறையை உரசிக்கொண்டு வரும்போது மட்டும் வெட்டின் ஒரு கரை மின்னும், மறு கரை நிழலாகும், எழுத்து எழுந்து நிற்கும். சில பாறைகளில் அது நாளுக்குப் பத்து நிமிஷம். சிலவற்றில் வருஷத்துக்கு ஒரு மாதம். அந்த நேரத்தைத் தவறவிட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பி, இருட்டறையில் பிலிமைக் கழுவிப் பார்த்து, "தெரியலையே" என்று கையைப் பிசைவது என் முதல் இரண்டு வருஷங்களின் கதை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் பழைய கேமராவுக்கு உடனடிப் படம் எடுக்கும் பின்பெட்டி வந்தது. கேமரா சதுரமான இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும். இரண்டரை கிலோ எடை. கல்யாண வீட்டுக் கேமராக்களைவிடப் பெரிய பிலிம் சுருள் போடுவது. அதன் முதுகைக் கழற்றிவிட்டு, சுருளுக்குப் பதிலாகப் பத்துத் தாள் அடுக்கிய ஒரு கட்டைப் பொருத்தலாம். படம் எடுத்ததும் கட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை வாலை இழுக்க வேண்டும். உடனே பக்கத்தில் மஞ்சள் வால் ஒன்று வெளியே வரும். அதைப் பிடித்து, நேராக, ஒரே வேகத்தில், நடுவில் நிற்காமல் இழுக்க வேண்டும். தாள் இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே நசுங்கி வரும்போது, அதற்குள் இருக்கும் மருந்துப் பை உடைந்து, பசை போலப் பரவும். முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். மதுரைச் சித்திரையில் இருபதே போதும். பிறகு ஒரு மூலையைப் பிடித்து உரித்தால் ஒரு பக்கம் வழவழவென்ற கறுப்பு வெள்ளைப் படம், மறு பக்கம் தூக்கிப் போட வேண்டிய பிசுபிசுத்த காகிதம். எத்தனை நூறு தடவை உரித்திருப்பேன்.

சென்னையிலிருந்து தாள் கட்டு வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் பதிவேட்டில் எண் உண்டு. எங்கே, எத்தனை மணிக்கு, எதற்காக என்று எழுதியாக வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் என் மேலதிகாரி, கல்வெட்டாய்வாளர் நூர்ஜஹான் மேடம். பழைய டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா தொப்பிக் கடை வைத்திருந்தார். மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டுவதற்குப் பதில் கேள்வி கேட்பார். அது திட்டைவிட மோசம்.

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு குகையில் நான் முதல்முதலாக அந்தத் தாளில் எடுத்துக் கொடுத்த படத்தை அவர் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி முக்கியம். ஓர் எழுத்துக்குப் புள்ளி உண்டா இல்லையா என்பதை வைத்து அந்தக் கல்வெட்டின் வயதையே வாதிடுவார்கள். என் படத்தில் அழகழகாக நான்கு புள்ளிகள் இருந்தன.

"பாண்டி, இந்தப் புள்ளி நாலும் ஒரே இடைவெளியில இருக்கே. இது கல்லுல இருக்கா, உங்க உருளையில இருக்கா?"

உருளையைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்த பசை ஒரு மிளகளவு ஒட்டியிருந்தது. உருளை சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் உருளையைத் துடைத்தேன்.

மேடத்திடம் இன்னொரு வழக்கம் உண்டு. படத்தை உரித்ததும் அவர் வாயைத் திறக்க மாட்டார். அங்கிருக்கும் எல்லோரும், டிரைவர் உட்பட, அவரவர் நோட்டில் தெரிகிற கோடுகளை வரைய வேண்டும். ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. எல்லோரும் வரைந்தபின்தான் அவர் தன் நோட்டைத் திறப்பார். "நான் முதல்ல சொல்லிட்டா, அப்புறம் உங்க கண்ணு என் வாயைத்தான் பாக்கும்" என்பார்.

இனி அந்தப் பேரையூர்க் கரடு.

டிஜிட்டல் கேமரா எங்கள் அலுவலகத்தை எட்டிப் பார்க்காத காலம். பேரையூருக்குத் தெற்கே பொட்டல் காட்டில் தனியாக நிற்கும் ஒரு சிறு பாறைக் குன்று. அதை அந்த ஊரில் கரடு என்பார்கள். கல் உடைக்கக் குத்தகைக்குப் போயிருந்தது. அங்கே ஒரு குகையின் நெற்றியில் எழுத்து இருக்கிறது என்று பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியர் தவமணி எங்களுக்குக் கடிதம் எழுதினார். போய்ப் பார்த்தோம். எழுத்து இருந்தது. பளபளவென்று, வெள்ளை வெளேரென்று, பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது. வாத்தியார் ஆர்வத்தில் ஒன்பது எழுத்துகளிலும் சாக்பீஸ் பொடியை அப்பி வைத்திருந்தார்.

"எல்லாருக்கும் தெரியட்டும்னுதேன் மேடம்" என்றார்.

"எல்லாருக்கும் தெரியிறது உங்க கையெழுத்து, சார்" என்றார் மேடம்.

கல்வெட்டைப் பார்க்கிற நம் ஊர் ஆர்வலர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. பொடி அப்பிவிட்டால் அதன்பின் பாறையில் இருப்பது வெட்டா, அப்பியவர் நினைப்பா என்று பிரிக்கவே முடியாது. தென்னை நாரும் தண்ணீரும் வைத்து மெதுவாகக் கழுவச் சொல்லிவிட்டு, அன்று படம் எடுக்காமல் திரும்பினோம். ஆனால் நான் ஒன்றைக் குறித்துக்கொண்டேன். பாறை வடக்குப் பார்த்தது. மேற்கே இரண்டு பெரிய உருண்டைப் பாறைகள் வெயிலை மறைத்தன. அவற்றின் இடுக்கு வழியாகச் சாயங்கால வெயில் நுழைந்து நெற்றியை உரசியது. டைரியில் இருக்கிறது: '4.38 முதல் 4.49 வரை. பதினொரு நிமிஷம்.'

நான்கு நாள் கழித்து வாத்தியார் ஊர்க் கடையிலிருந்து போன் செய்தார். அவர் குரலே சரியில்லை. குகைக்கு மேலே குவாரிக்காரர்கள் பதினாறு துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வெடி. கூடவே, எழுத்தை வாத்தியாரே உளியால் கொத்திவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று அவர்மேல் மனுவும் கொடுத்திருக்கிறார்கள். வட்டாட்சியர் நேரில் வருகிறார்.

மறுநாள் பதிவேட்டில் மூன்று தாள் மிச்சம். எட்டு, ஒன்பது, பத்து. ஈரத் துண்டில் சுற்றி, சோற்று வாளிக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. வட்டாட்சியர் கரட்டடியில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் வீங்கியவர். குகைக்கு அறுபதடி பாறை ஏற வேண்டும், அவரால் முடியாது. ஆனால் நிதானமான மனிதர்.

"வெறும் சந்தேகத்துக்கு ரெண்டு தடவை நிறுத்தியாச்சும்மா" என்றார் மேடத்திடம். "மூணாவது தடவை நிறுத்தணும்னா என் கையில ஏதாச்சும் வேணும். அஞ்சு மணிக்குள்ள காட்டுங்க, நிறுத்துறேன். இல்லாட்டி என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

பக்கத்தில் குவாரி மேஸ்திரி சின்னக்கருப்பன் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை. அந்தப் பதினாறு துளையும் அவர் போட்டது. அவரை நம்பி நாற்பது பேர் வேலை செய்தார்கள்.

"என்னா வாத்தியாரே" என்றார் தவமணியைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல சாக்பீஸு மிச்சமாகுதோ? எங்க வீட்டுச் செவுரு சும்மாதேன் கெடக்கு. ரெண்டு எழுத்து எழுதிட்டுப் போறது."

வாத்தியார் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏற ஆரம்பித்தார்.

மேடமும் நானும் பின்னால் ஏறினோம். எதிர்ப் பாறையில் முக்காலியை நிறுத்தினேன். உருளையைத் துடைத்தேன். நிழலில் நெற்றிப் பாறை ஒன்றுமில்லாமல் கிடந்தது. கழுவிய இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. 4.38-க்கு இடுக்கில் வெயில் நுழைந்தது, குறித்து வைத்த மாதிரியே. பாறை விழித்துக்கொண்டது.

லென்ஸின் துளை அளவு பதினாறு. ஷட்டர் வேகம் அறுபதில் ஒன்று. எட்டாம் தாள். வெள்ளை வாலை இழுத்தேன். மஞ்சள் வாலைப் பிடித்தேன். உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. பாதியில் ஒரு கணம் நின்று, திரும்பப் பிடித்து இழுத்தேன். உரித்தால் படத்தின் நடுவில், மேலிருந்து கீழ்வரை, ஒரு பட்டை. எழுத்துகளின் குறுக்கே தார் ஊற்றின மாதிரி. மணி 4.41.

பன்னிரண்டு வருஷ அனுபவம், முதல் வாரத் தவறு. மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"கையைத் துடைச்சுக்கங்க. வெயில் இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

துடைத்தேன். உருளையையும் துடைத்தேன். கேமராவைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினேன். பட்டை விழுந்தால்கூட எழுத்து அதற்கு இடதுபுறம் தப்பட்டும் என்ற பயம்தான் காரணம், வேறு யோசனை எதுவும் இல்லை. ஒன்பதாம் தாள். வெள்ளை வால். மஞ்சள் வாலை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கி, நேராக இழுத்தேன். 'சர்ர்' என்று ஒரே சத்தமாக வந்தது. நல்ல இழுப்பின் சத்தம் காதுக்கே தெரியும். இருபது விநாடியை வாய்விட்டு எண்ணினேன். மூலையைத் தூக்கினேன்.

இடது பக்கம் வாத்தியாரின் ஒன்பது எழுத்து. இன்னும் கொஞ்சம் பொடி உள்ளே ஒட்டியிருந்ததால் மங்கலாகத்தான் இருந்தன. அவற்றுக்கு வலப்பக்கம், வெறும் பாறை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த இடத்தில், கறுகறுவென்ற நிழலோடு, கூர்மையாக இன்னும் சில எழுத்துகள்.

நான் வாயைத் திறந்தேன். மேடம் விரலை உயர்த்தினார். "எழுதுங்க" என்றார். ஐந்து மணிக்கு வெடி. அப்போதும் அவர் வழக்கத்தை விடவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி வரைந்தோம். நோட்டுகளை ஒன்றாகப் பாறைமேல் வைத்தோம். என்னுடையதில் பதினைந்து. மேடத்துடையதில் பதினைந்து. வாத்தியார் பழக்கத்தில் ஒன்பது வரைந்து, பிறகு தடுமாறித் தடுமாறி இன்னும் ஆறு வரைந்திருந்தார். அதே ஆறு, அதே வரிசை.

"இது… இத நான் பாக்கவே இல்லையே மேடம்" என்றார். "மூணு வருஷமா வாரேன். இந்த ஆறும் எனக்குத் தெரியாதே."

"தெரியாதுல்ல. அதுதான் சார் வேணும்" என்றார் மேடம். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

இன்னும் மூன்று நிமிஷ வெயில் இருந்தது. முறைப்படி, நிரந்தரப் பதிவுக்காகப் பிலிம் சுருளை மாட்டி எடுக்க வேண்டும். நான் பெட்டியில் கையை வைத்தேன். "சுருள் நாளைக்கு எடுக்கலாம் பாண்டி. நாளைக்கு மலை இருக்கணும். கீழ போங்க."

புதிதாக உரித்த படம் காய ஐந்து நிமிஷம் ஆகும். அதுவரை தூசி பட்டால் ஒட்டிக்கொள்ளும், விரல் பட்டால் எழுத்தே போய்விடும். அதன் இரண்டு ஓரத்தையும் ஒரு கையால் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மறு கையை ஊன்றி, அறுபதடியும் உட்கார்ந்தே சறுக்கி இறங்கினேன். பேன்ட் கிழிந்தது. டைரியில் அதுவும் இருக்கிறது.

வட்டாட்சியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மேஸ்திரி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"வாத்தியார் கொத்துனத போட்டோ புடிச்சிருக்காக. அம்புட்டுத்தேன்" என்றார்.

மேடம் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். வாத்தியாரின் மூன்று வருஷப் பழைய நோட்டையும், அவர் எங்களுக்கு எழுதிய கடிதத்தையும் வட்டாட்சியரிடம் கொடுத்தார். "ரெண்டுலயும் ஒன்பது எழுத்துதான் இருக்கு சார். படத்துல பதினஞ்சு. அவரே கொத்தியிருந்தா, ஆறு எழுத்தைக் கொத்திட்டு மறந்துபோயிருப்பாரா?"

வட்டாட்சியர் மூன்றையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். மணி 4.52. பிறகு அவர் செய்தது எனக்கு இன்றும் வியப்பு.

"கருப்பா, நான் ஏற முடியாது. நீ ஏறு. இந்தப் படத்தை எடுத்துக்கிட்டுப் போ. இதுல இருக்கிற மாதிரி அங்க இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொல்றதை எழுதிக்கிறேன்."

வாத்தியார் திடுக்கிட்டு மேடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே வெயில் போய் மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. பாறை மறுபடியும் ஒன்றுமில்லாமல் கிடக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. எழுத்தே இல்லை என்று அவர் வந்து சொன்னால் அதை யாரும் மறுக்க முடியாது. சொல்வதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது.

படத்தை எப்படிப் பிடிப்பது என்று நான் காட்டினேன். அதேபோல ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஏறினார். கீழிருந்து எங்களுக்கு அவர் முதுகு தெரிந்தது. எழுத்தைக் கழுவுவதற்காகச் சாத்தியிருந்த ஏணியில் நின்று, படத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு படத்தை இடது கையில் மாற்றிக்கொண்டு, வலது கையால் பாறையைத் தடவ ஆரம்பித்தார். தடவி ஓரிடத்தில் நிறுத்தினார். மீண்டும் படத்தைப் பார்த்தார். விரல் ஒரு கோட்டின் வழியே போய், திரும்பி, அடுத்ததற்கு நகர்ந்தது. எழுத்துக்கு எழுத்து. வட்டாட்சியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மேலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"இருக்குங்கய்யா."

இறங்கி வந்து நின்றார். "ஆறும் இருக்கு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே: "இது வாத்தியார் வெட்டு இல்லைங்கய்யா. எங்க ஆளுக வெட்டும் இல்ல. புது வெட்டுன்னா வெளிம்பு கையக் கிழிக்கும். இது மழுங்கிக் கெடக்கு, ஆத்துக் கல்லு மாதிரி. ரொம்பப் பழசு. எம்புட்டுப் பழசுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

வட்டாட்சியர் அதை அப்படியே எழுதினார். அதன் கீழே வெடியை நிறுத்தும் உத்தரவை எழுதி, என் ஒன்பதாம் தாளை அதோடு வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். கம்பி பதினான்காம் எழுத்துக்கு ஒரு நூல் மேலே இறங்கியது. எனக்கு உயிர் போய் வந்தது. வாத்தியார் கரட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினாறு துளையிலிருந்தும் மருந்தை வெளியே எடுக்கும் வேலையை மேஸ்திரியே நின்று பார்த்தார். ஐந்தரை மணிக்கு முடிந்தது. ஆட்களை அனுப்பிவிட்டு மேடத்திடம் வந்தார்.

"நாளைக்கு நாப்பது பேருக்கு வேலை இல்லங்கம்மா. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு குவாரி இருக்கு, கேட்டுப் பாக்கணும்." குகைப் பக்கம் கையைக் காட்டினார். "அது என்னா எழுதியிருக்கு?"

"முதல் ஒன்பது எழுத்து, இந்தக் குகையைக் கொடுத்தவர் பேரு" என்றார் மேடம். "கடைசி ஆறு, ஆதன் வெட்டினதுன்னு அர்த்தம் வருது. இன்னும் சரி பாக்கணும். ஆனா எனக்கு அப்படித்தான் படுது."

"ஆதன்னா?"

"கல் வெட்டினவர் பேரு."

மேஸ்திரி திரும்பிக் கரட்டைப் பார்த்தார். "கல்லு வெட்டுனவன் பேரையா போட்டிருக்காக?" என்றார். பிறகு என்னிடம், "போட்டோ அண்ணே, அந்த இடத்துல என்னைய ஒண்ணு எடுப்பீகளா?"

ஒரு தாள் இருந்தது. அரசாங்கத் தாள். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"அளவுகோல் கொண்டு வந்தோமா பாண்டி?" என்றார் அவர், முகத்தில் எதுவும் காட்டாமல்.

ஒரு மீட்டர் அளவுகோல் என் பையில், வழக்கமான இடத்தில் இருந்தது. "இல்லைங்க மேடம்" என்றேன்.

பதிவேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'தாள் 10. மாலை 5.44. அளவு காட்ட ஆள் நிற்கிறார். படம் கோப்பில் இல்லை.' எங்கே போனது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுபடியும் மேலே ஏறினோம். மேஸ்திரி நெற்றிப் பாறைக்குப் பக்கத்தில், அந்த ஆறு எழுத்து இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எடுத்தேன், இழுத்தேன், எண்ணினேன். உரிப்பதற்கு மூலையை அவரிடமே கொடுத்தேன். மெதுவாகத் தூக்கினார். முகம் நன்றாக வந்திருந்தது. தலைக்கு மேலே, பாறையில் வரிசையாகக் கறுப்புக் கறுப்பாகத் துளைகளும் வந்திருந்தன.

"நான் தொளை போட்டதும் தெரியுதே" என்றார்.

"தெரியத்தான் செய்யும் அண்ணே."

பார்த்துக்கொண்டே நின்றார். "சரி. இருக்கட்டும்" என்று சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"ஈரம் காயல அண்ணே, கெட்டுப்போகும்" என்றேன்.

படத்தை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடித்து, நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, காலால் மட்டுமே தடம் பார்த்து, அந்த அறுபதடியையும் அவர் இறங்கிப் போனார்.